விண்மின்கலமும் கறிப்பங்கும்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வலை கரையேறும் நேரத்தில் கயிற்றில் கை வைத்த எவரையும் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். இழுத்தவனுக்குக் கூலி தனி, வலைக்காரருக்குப் பங்கு தனி. இது கறிப்பங்கு. காற்று வாங்க வந்த வாத்தியார் போகிற போக்கில் கயிற்றைத் தொட்டிருந்தாலும் போதும், அவருக்கும் நாலு மீன் உண்டு. மண்ணில் வைத்துக் கொடுப்பது மரியாதையில்லை. வாங்குகிறவர் தான் உடுத்திருக்கும் சாறனை ஏந்திப் பிடிக்க வேண்டும். வேண்டாமென்று சொல்லவும் கூடாது. சொன்னால் அடுத்த வலை வெறும் வலையாக வரும். இந்தக் கதையில் ஒழுங்காக நடந்துகொண்டது இந்த வழக்கம் ஒன்றுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

சாலிஹ் அந்தக் கரையில் வலை வைத்திருப்பவர். தோணி இரவல், கரையோர மீன்கொட்டிலான வாடி தகப்பன் விட்டுப்போனது, வலை மட்டும்தான் சொந்தம். அந்த வலைக்குள் அவர் மனைவி றஹீமாவின் காப்பும் மாலையும் போயிருந்தன. கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் உழைத்தால்தான் வாடைக்காற்று மாதங்களில் அடுப்பு எரியும். வலை போய்விட்டால் வலைக்காரர் என்ற பெயரும் போய்விடும். இன்னொருவர் கயிற்றைப் பிடித்து இழுக்கும் கூலியாள் ஆகிவிடுவார்.

ஒருநாள் காலை வலையின் மடி கரையை நெருங்கும்போதே கனம் தெரிந்தது. வேலப்போடி பாண்டிருப்பிலிருந்து வந்து நெடுங்காலமாகச் சாலிஹோடு வலை இழுக்கிறவர். மறுகயிற்றில் நின்றபடி, சாலிஹை அண்ணன் முறை வைத்து, "காக்கா, இண்டைக்கு ஊருக்கே கறிதான்" என்றார். பொய்யில்லை. மடி முழுக்கக் கீரி மீன், அந்தப் பருவத்தில் எவருக்கும் படாத மீன். அதற்கு நடுவில் கருகிப்போன உலோகப் பெட்டி ஒன்று கிடந்தது. சோற்றுப் பானையளவு இருக்கும். அதன் வயர்கள் வலைக்கண்களுக்குள் புகுந்து சிக்கியிருந்தன. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் பாதி எரிந்து பாதி மிஞ்சியிருந்தன. குண்டோ என்று ஆட்கள் பின்வாங்கினார்கள். வேலப்போடி குனிந்து பார்த்துவிட்டு, பெட்டரி மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் எந்த வாகனத்தின் பெட்டரி இப்படி எரிந்துபோய்க் கடலில் விழும் என்று கேட்டார்.

இந்த இடத்தில் சாலிஹ் ஒரு பிழை விட்டார். நல்ல பிரஜையாக நடந்துகொண்டார்.

கல்முனை பிரதான வீதியில், அவர் ஒவ்வொரு நாளும் மீன் ஏற்றிப் போகும் வழியில், ஒரு பெரிய பலகை நின்றது. "விண்ணிலிருந்து விழும் மின்கலம் தேசத்தின் சொத்து. கண்டவுடன் அறிவியுங்கள்" என்று எழுதி, எழுத்தைவிடப் பெரிதாக ஒரு சிரித்த முகத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்து அந்த இலக்கம் சாலிஹுக்கு மனப்பாடம். அவர் கோல் எடுத்தார்.

அந்தப் பலகையை நாட்டியது விண்கல மீள்மின்னேற்று மின்கல அதிகாரசபையின் பிராந்தியக் காரியாலயம். அது பிறந்த கதை சுருக்கமானது. நம் நாட்டு மண்ணில் பென்சிலுக்குள் போடும் காரீயம் இருக்கிறது. காரீயம் லித்தியம் மின்கலம் செய்ய உதவும். லித்தியம் மின்கலம் விண்கலத்துக்கு வேண்டும். ஆகவே நம் நாடு விண்வெளிக்குப் போய்விட்டது என்று கொழும்பில் யாரோ ஒரு கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அதற்கு அதிகாரசபை, அதிகாரசபைக்குத் தலைவர், மாகாணத்துக்கு மாகாணம் பணிப்பாளர், பணிப்பாளருக்குப் பிரதிப் பணிப்பாளர், அவர்களுக்கு வாகனம், வாகனத்துக்குச் சாரதி. கல்முனைக் காரியாலயம் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. திறந்த நாளிலிருந்து அங்கே ஒரு விண்கல மின்கலமும் வந்ததில்லை. சுவர் மணிக்கூட்டுக்குக்கூட மின்கலமில்லை. அது நின்று ஒரு வருசத்துக்கு மேலாகியும் புதிது வாங்கக் கொழும்பு அனுமதி வரவில்லை. அப்படியிருந்தும் அங்கே எல்லோரும் களைத்துப்போய் இருந்தார்கள். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று நம் ஊரில் சொல்வது வேறு எதற்கு.

ஆகவே சாலிஹின் கோல் போனதும் காரியாலயமே கடற்கரையில் வந்து இறங்கியது. பலகையில் சிரித்த முகம் முன்னால் வந்தது. அவர்தான் பிராந்தியப் பணிப்பாளர் றஸாக். கோட்டுப் போட்டிருந்தார். பின்னால் பிரதிப் பணிப்பாளர், இணைப்பாளர்கள், படம் எடுப்பவர், கடைசியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் துஷாந்தினி. அந்தக் காரியாலயத்தில் மின்கலத்தைப் பற்றிப் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் கூட்டங்களில் தேநீருக்கு ஆள் கணக்கெடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

வலை கரையேறிக் கயிறு மணலில் தளர்ந்து கிடந்தது. றஸாக் சேர் அதைத் தூக்கிப் பிடித்து, விண்மின்கலத்தைத் தானே கடலிலிருந்து இழுப்பதுபோல உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தார். படம் எடுக்கப்பட்டது. பிறகு பிரதிப் பணிப்பாளர் சாய்ந்தார். பிறகு இணைப்பாளர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். மறுநாள் பிரதியமைச்சர் ஒருவரும் சப்பாத்தைக் கழற்றாமல் வந்து, அதே கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து, பல்லைக் கடித்து, வியர்வைக்காக நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். அந்த முதல் நாள் துஷாந்தினியையும் பிடிக்கச் சொன்னார்கள். அவள் தான் இழுக்கவில்லையே என்று ஒதுங்கிக்கொண்டாள்.

வேலப்போடி சாலிஹின் காதுக்குள், "காக்கா, கயித்தில கை வெச்சிட்டாங்க. இவங்களுக்கும் கறிப்பங்கு குடுக்க வேணுமே" என்றார்.

"ஓம். குடுக்கத்தான் வேணும்" என்றார் சாலிஹ். அப்போது அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்.

மீனைக் கொட்டிக்கொண்டு பெட்டியைக் கழற்றித் தருகிறேன், அரை மணித்தியாலத்து வேலை என்று அவர் சொன்னபோது றஸாக் சேர் கையை உயர்த்தித் தடுத்தார். இணைப்பாளர்கள் அதற்குள் வலையைச் சுற்றிக் கம்பு நாட்டி மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள்.

"மிஸ்டர் சாலிஹ், நீங்க இன்னும் இத வலை எண்டுதான் நினைக்கிறீங்க" என்றார் றஸாக் சேர். "எங்கட சட்டத்தில விண்கலப் பொருளத் தொட்டுக்கொண்டிருக்கிற எதுவும் விண்கலப் பொருள்தான். இது இப்ப அரசாங்கத்துக்குரிய விண்கலப் பொருள். பெரியவங்க வந்து விடுவிக்கிற வரைக்கும் கை வைக்க ஏலா."

"அப்ப மீனு, சேர்?"

"மீனும்தான்."

"நானும் தொட்டனே."

றஸாக் சேர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஒங்களப் பத்திக் கொழும்பிட்டக் கேக்க வேணும்" என்றார்.

கொழும்பிலிருந்து சாலிஹைப் பற்றி மட்டும் விரைவாகப் பதில் வந்தது. அவர் கௌரவ விண்மின்கலக் காவலராக நியமிக்கப்பட்டிருந்தார். கௌரவம் என்பதால் சம்பளம் கிடையாது. முதுகில் 'விண்வெளி' என்று அச்சடித்த ஒரு மேற்சட்டை கொடுத்தார்கள். வலைக்குக் கிட்ட எவரையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தானும் கிட்டப் போகக் கூடாது. தன் வலையில் தான் கை வைக்காமல் காவல் இருக்கும் உத்தியோகம் உலகத்தில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

மீன் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. வலை கரையேறிய அன்று பின்னேரமே கண்கள் வெள்ளை பூத்தன. அடுத்த நாள் வயிறுகள் ஊதி வெடித்தன. பிறகு மடி முழுவதும் ஒரே களியாகி, மஞ்சளும் கறுப்புமாக நீர் கசிந்து மணலில் வழிந்தது. ஈ மொய்த்த மொய்ப்பில் வலை தானாகவே அசைவதுபோல இருந்தது. புழு வந்தது. காகமும் நாயும் வந்தன; சாலிஹ் விண்வெளிச் சட்டையோடு கல் எறிந்து துரத்தினார். ஊருக்கே கறியாக வேண்டிய மீன். அதைக் கண்ணுக்கு முன்னால் அழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட கடமை. அவருக்கு அழுகையும் வந்தது, ஓங்காளமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்வது கடினம்.

றஹீமா அவரைக் கிணற்றடியில் குளிக்கவைக்காமல் வீட்டுக்குள் விடவில்லை. குளித்த பிறகும் பாயைத் தள்ளித்தான் போட்டாள். "ரோட்டில பலகை வெச்சா அதில இரிக்கிற நம்பருக்கெல்லாம் கோல் எடுக்கிறதா? அந்தச் சாமான அப்பவே கழட்டி எறிஞ்சிட்டு வந்திரிக்கலாமே" என்றாள்.  அல்லாஹ் தந்த உணவான றிஸ்க்கை அரசாங்கத்துக்குக் காட்டியிருக்கக்கூடாது என்று சாலிஹுக்கும் இப்போது புரிந்திருந்தது.

அவருடைய வலை போடும் முறை வந்தது. வலை இல்லாததால் அடுத்தவருக்குப் போனது. பிறகும் ஒருமுறை வந்து போனது. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வலைகளுக்கு நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வயிறு இருக்கிறது. வேலப்போடி மட்டும் இன்னொரு வலையில் இழுத்துவிட்டுப் பின்னேரங்களில் வந்து, காற்றுக்கு மேற்பக்கமாக நின்று சாலிஹுக்குத் துணையிருந்தார்.

ஒருநாள் சாலிஹ் கல்முனைக் காரியாலயத்துக்கே போனார். படியேறும்போதே சாரதி மூக்கைப் பொத்திக்கொண்டு மேற்சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னான். றஸாக் சேர் கைக்குட்டையில் அத்தர் தெளித்து மூக்கில் பிடித்தபடி பேசினார். மீன் அழுகுகிறது என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அழுகல் என்ற சொல் சட்டத்தில் இல்லை என்றார். விண்கலப் பொருள் பழையதாகலாம், தேயலாம், ஆனால் அழுகாது. வலையைத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்டதற்கு, ஒரு தனி மனிதனின் வலையைவிடப் பெரிய வலை தேசம் என்றார். அதைச் சொன்னதும் அவருக்கே அது பிடித்துப்போய், பக்கத்திலிருந்த இணைப்பாளரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

திரும்பும்போது படிக்கட்டில் துஷாந்தினி சாலிஹை நிறுத்தினாள். அங்கே யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். அந்தப் பெட்டி பூமியைச் சுற்றுகிற ஒரு செய்மதியில் இருந்தது. அது வெயில் பக்கம் வரும்போது சூரியத் தகடு இந்தப் பெட்டரியில் மின் ஏற்றும். பூமியின் நிழலுக்குள் போகும்போது பெட்டரி மின்னைத் திருப்பிக் கொடுக்கும். இப்படிச் சுற்றிச் சுற்றிப் பல வருசம் வேலை செய்து கடைசியில் மின்னைப் பிடித்துவைக்க ஏலாமல் போகும். முன்யோசனையுள்ளவர்கள் அப்போது அதை வெறுமையாக்கித் துண்டித்துவிடுவார்கள். இது வானத்தில் எரிந்தது, பிறகு உப்புத்தண்ணியில் ஊறியது. இதற்குள் இனி ஒன்றுமில்லை. கையுறை போட்டுக் கழற்றி ஒரு பீப்பாய் மணலுக்குள் புதைத்துவைத்தால் அலுவல் முடிந்தது. முதல் நாளே சேரிடம் சொன்னேன், மிஸ் கதைக்க வேண்டாம் என்றார் என்று சொன்னாள்.

"வெளிச்சத்தில எடுத்திட்டு இருட்டில குடுக்குமா, மகள்?" என்று சாலிஹ் கேட்டார்.

"ஓம் காக்கா."

"அப்ப இந்த ஒபிசுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

நாற்றம் இப்போது கடற்கரையைத் தாண்டி ஊருக்குள் ஏறியிருந்தது. அஸர் தொழுகையில் கை கட்டி நின்றவர்கள் மூக்கைப் பொத்த வழியில்லாமல் தவித்தார்கள். முறைப்பாடு போனது. அதிகாரசபை உடனே கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் குழுவை அனுப்பியது. குழுவுக்கு ஒரே ஒரு கேள்விதான் கொடுக்கப்பட்டிருந்தது: இந்த வாசனை மீனிலிருந்து வருகிறதா, மின்கலத்திலிருந்து வருகிறதா. மீனிலிருந்து என்றால் அதிகாரசபை மீன் அழுகவிட்டது என்றாகிவிடும்.

நிபுணர்கள் வந்தார்கள். மஞ்சள் நாடாவுக்கு வெகுதூரத்தில் வாகனத்தை நிறுத்திக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி முகர்ந்தார்கள். உடனே ஏற்றினார்கள். ஒருவர் வாந்தியெடுத்தார், அது பயணக் களைப்பு என்று பதியப்பட்டது. மத்தியானம் கல்முனையில் நல்ல கீரி மீன் பொரியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். மீனுக்குச் சொந்தமாக வாசனை எதுவும் இல்லை. வருவது நீண்டகாலம் விண்வெளியில் இருந்த மின்கலத்தின் முதிர்ந்த வாசனை. இந்த வாசனை இந்தப் பிரதேசத்துக்கு மட்டும் கிடைத்திருப்பது ஒரு பாக்கியம். பொதுமக்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் அந்தக் காரியாலயத்திடம் வெட்கத்தை எதிர்பார்த்தவர் எவராவது இருந்தால் அவர் சாலிஹ் மட்டுமே. அவர் இன்னும் ஒவ்வொரு நாளும் வலையைத் தூரத்திலிருந்து கண்ணால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நைலோன் அழுகாது. மீன்தான் போயிற்று, கழுவிக் காயவைத்தால் வலை பிழைத்துவிடும். பருவம் முடிய இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அவர் நாயைத் துரத்தினார்.

பிறகு விழா அறிவிக்கப்பட்டது. விண்மின்கல மீள்மின்னேற்றுப் பெருவிழா. மின்கலத்தின் பெயரிலேயே மீள்மின்னேற்றம் இருப்பதால் அதற்கு மீண்டும் மின் ஏற்றியே தீரவேண்டும் என்று அதிகாரசபை கண்டுபிடித்திருந்தது. பிரதியமைச்சர் மின் ஏற்றுவார். அதன் பிறகு மின்கலம் வலையிலிருந்து விடுவிக்கப்படும். அன்றைக்கே வலை உங்கள் கைக்கு வந்துவிடும் என்று றஸாக் சேர் சொன்னார். சாலிஹ் அதைக் கேட்டு வாடிக்குள் போய் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்தார்.

மணலில் பந்தல் எழும்பியது. கசிவு ஊறிய மணலுக்கு மேலே சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பளத்தின் ஓரம் கறுப்பாகிப்போனது. நாலு மூலையிலும் சாம்பிராணி புகைத்து, பெரிய மின்விசிறிகளைக் கடல் பக்கம் திருப்பி வைத்து, வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்தார்கள். அழுகலும் பன்னீரும் சாம்பிராணியும் ஒன்றாய்ச் சேர்ந்து எழுப்பிய நாற்றத்துக்குத் தமிழில் சொல் இல்லை, இருக்கவும் வேண்டாம். குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதிய மௌலவி ஒருவர்தான் அங்கே சுருக்கமாக முடித்தவர். அதன் பிறகு வரவேற்புரை, வாழ்த்துக் கவிதை, தலைமையுரை. ஒவ்வொரு உரைக்கும் ஒரு பொன்னாடை. வியர்த்து, மூச்சை அடக்கி, முகம் நீலம் பாரித்தும் எவரும் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தினால் அங்கே நாற்றம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே.

பிரதியமைச்சர் பேசினார்.

"எனக்கு லித்தியம் எண்டா என்ன எண்டு தெரியாது. அதச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. எனக்குத் தெரியாத எத்தனையோ துறைகளை நான் நடத்தியிருக்கிறேன்." கைதட்டல். "மீனவனுக்கு என்ன செய்தீங்க எண்டு சில பேர் கேக்கிறாங்க. வானத்தையே கொண்டுவந்து அவன்ட வலைக்குள்ள போட்டிருக்கிறோம். இதுக்கு மேல ஒரு அரசாங்கம் என்ன செய்யலாம்?" பலமான கைதட்டல். "நானும் கடற்கரைப் பிள்ளைதான். இந்தக் கயிற்றில என்ட கையும் பட்டிருக்கு, படம் இருக்கு. இதில எனக்கும் ஒரு பங்கு இருக்கு. அத நான் ஆருக்கும் விட்டுத்தர மாட்டன்."

முன்வரிசையில் பிரதிப் பணிப்பாளர் எழும்பி, தனக்கும் பங்கு உண்டு என்று கையை உயர்த்தினார். இணைப்பாளர்களும் உயர்த்தினார்கள். நாடாவுக்குப் பக்கத்தில் நின்ற சாலிஹும் வேலப்போடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மின்னேற்றம் நடந்தது. பந்தலுக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் இரைந்தது. அதிலிருந்து ஒரு வயர் மின்கலம் வரைக்கும் வந்து சும்மா மண்ணுக்குள் புதைந்தது. இன்னொரு வயர் ஜெனரேட்டரிலிருந்து நேராக மேடையிலிருந்த பல்புக்குப் போனது. இப்படிச் செய் என்று துஷாந்தினிக்குச் சொல்லப்பட்டபோது அவள் மாட்டேன் என்றாள், சாரதி செய்தான். பிரதியமைச்சர் ஆளியைத் தட்டினார். பல்பு எரிந்தது. செத்த மின்கலம் நூறு வீதம் மின் ஏறிவிட்டதாக மைக்கில் அறிவித்தார்கள். றஸாக் சேரின் கண் கலங்கியிருந்தது. அது உணர்ச்சியா நாற்றமா என்று தெரியவில்லை.

அடுத்ததாக ஒரு வெள்ளித் தட்டில் பட்டுத்துணி விரித்துக் கத்தரிக்கோல்கள் வந்தன. பொன் முலாம் பூசியவை, ஆளுக்கு ஒன்றாக. வெட்டப்போவது நாடாவை அல்ல, வலையை என்று சாலிஹுக்கு அப்போதுதான் விளங்கியது. நாடாவைத் தாண்டி றஸாக் சேரிடம் ஓடினார்.

"சேர், வெட்ட வேணாம் சேர். நான் கழட்டித் தாறன். இந்தா, இப்பவே, இவங்க தேத்தண்ணி குடிக்கிறத்துக்குள்ள."

"நிகழ்ச்சி நிரல்ல வெட்டுதல் எண்டு அடிச்சாச்சு" என்றார் றஸாக் சேர், உதடு அசையாமல். "கழட்டுதல் எண்டு இல்ல."

பிரதியமைச்சர் முதலில் வெட்டினார். கைதட்டினார்கள். றஸாக் சேர் வெட்டினார். பிரதிப் பணிப்பாளர் நீளமாக வெட்டினார். இணைப்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் வெட்டினார்கள். படத்தில் சரியாக விழாதவர்கள் மீண்டும் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளை ஒருவன் பொறுக்கினான், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒவ்வொரு அதிதிக்கும் நினைவுச்சின்னமாகக் கொடுக்க வேண்டுமாம். றஹீமாவின் காப்பும் மாலையும் சதுரம் சதுரமாகப் போய்க்கொண்டிருந்தன. மடி வாய் பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் சிவப்புக் கம்பளத்தில் சரிந்து, சப்பாத்துகளைச் சுற்றி வழிந்தது. அப்போதும் எவரும் காலை எடுக்கவில்லை. படம் எடுப்பவர் இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

 வெட்டு முடிந்ததும் சாலிஹை மேடைக்கு இழுத்து, ஒரு பொன்னாடையைப் போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்று சொல்லிவிட்டு இறங்குவார் என்பதுதான் ஏற்பாடு.

அவர் மைக்கைப் பிடித்தார். அடங்கிய குரலில் பேசினார்.

"எனக்கு மேடையில கதைச்சுப் பழக்கமில்ல. எங்கட கரையில ஒரு வழக்கம் இரிக்கி, அத மட்டும் செல்லிட்டு எறங்கிறன். கயித்தில கை வெச்ச ஆரையும் நாங்க கறிக்கு மீனு குடுக்காம அனுப்பிறல்ல. குடுத்தா வேணாம் எண்டு செல்லவும் கூடா, அடுத்த வலை வெறும் வலையாப் போயிரும். அமைச்சர் ஐயாவும் சேர்மாரும் எல்லாரும் கை வெச்சிரிக்காங்க. அவங்கட பங்கு அவங்களுக்குச் சேரணும். வாங்குவீங்கதானே?"

நெகிழ்ந்துபோன பிரதியமைச்சர் மைக்கை வாங்கி, இதுதான் கிழக்கு மாகாணத்தின் விருந்தோம்பல் என்றார். ஏழை மீனவனின் பங்கை மறுக்கும் பாவத்தைத் தானும் செய்யப்போவதில்லை, இங்கே எவரும் செய்யமாட்டார்கள் என்று எல்லோர் சார்பிலும் வாக்குக் கொடுத்தார். புத்தம்புது மீன் பொதி செய்யப்பட்டு வாகனத்துக்கு வரும் என்று அவர் நினைத்திருப்பார். மூன்று தொலைக்காட்சிக் கமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சாலிஹ் வேலப்போடியைப் பார்த்துத் தலையசைத்தார். வேறு வலைகளுக்குப் போயிருந்த பழைய ஆட்கள் எங்கிருந்தோ வந்து நின்றார்கள். கூடைகள் வந்தன. கம்பளத்தில் சரிந்து கிடந்ததைக் கைகளால் அள்ளினார்கள்.

வேலப்போடி பிரதியமைச்சருக்கு முன்னால் போய்ப் பணிவாக நின்றார். "ஐயா, மண்ணில வெச்சுக் குடுக்கப்படா. சாறன ஏந்தி வாங்கிறதுதான் முறை. உங்களிட்டச் சாறன் இல்ல, அந்தப் பொன்னாடைய ஏந்துங்க."

பிரதியமைச்சர் கூடைக்குள் பார்த்தார். கமராவைப் பார்த்தார். பொன்னாடையை ஏந்தினார்.

அது விழுந்தபோது வந்த சத்தம் மைக்கில் நன்றாகக் கேட்டது. புழு நெளிந்தது. சரிகைக் கரை வழியாக மஞ்சள் நீர் இறங்கி வெள்ளை உடுப்பில் ஊறியது. பிரதியமைச்சர் சிரித்துக்கொண்டே இருந்தார், சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்தது றஸாக் சேர். வாசனை மீனுடையது அல்ல, மின்கலத்துடையது என்று தீர்ப்பு வாங்கி வைத்தவர் அவர். மூக்கைப் பொத்த அவருக்கு வழியே இல்லை. சாலிஹ் தன் கையாலேயே அவருக்கு அள்ளிப் போட்டு, படத்துக்கு முதலில் சாய்ந்தவர் என்பதால் இன்னொரு பிடியும் போட்டார். பிரதிப் பணிப்பாளருக்கு, இணைப்பாளர்களுக்கு, ஒருவரும் விடுபடவில்லை. துஷாந்தினிக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவள் கயிற்றில் கை வைக்கவில்லையே.

நன்றியுரை நடக்கவில்லை. வாகனங்கள் போன வேகத்தில் மணல் பறந்தது. கல்முனைச் சந்தியில் எல்லா வாகனத்தின் கண்ணாடிகளும் இறக்கப்பட்டிருந்ததாகக் கண்டவர்கள் சொன்னார்கள். பொன்னாடைகளை வீசாமல் கொண்டுபோனார்கள், கமராக்கள் பின்னால் போயின. கண்ணாடிச் சட்டத்துக்கான வலைத்துண்டுகளையும் மறக்காமல் கொண்டுபோனார்கள். மறந்தது ஒன்றைத்தான். மின்கலம் கம்பளத்தில் தன்பாட்டில் கிடந்தது.

சாலிஹ் வலையில் மிஞ்சியிருந்த கயிற்றையும் மிதவைகளையும் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். றஹீமா கிணற்றடியில் வாளியோடு நின்றாள். அவர் தோளைப் பார்த்தாள்.  தண்ணீரை மட்டும் அள்ளி அள்ளி ஊற்றினாள்.

அடுத்த நாள் காலை அவர் இன்னொருவருடைய வலையில், வேலப்போடிக்குப் பின்னால் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். வலைக்காரர் என்ற பெயர் ஒரே இரவில் கழன்றுவிட்டிருந்தது. இடுப்பில் தொலைபேசி அடித்தது. றஸாக் சேர். குரல் கம்மியிருந்தது, ஆனால் அதிகாரம் குறையவில்லை. மின்கலத்தை ஏற்றுவதில் ஒரு சிறு நிர்வாகத் தாமதம் ஏற்பட்டிருக்கிறது, அது அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டார். யாரும் தொட வேண்டாம், நாங்கள் வந்து எடுக்கிறோம் என்றார்.

சாலிஹ் கயிற்றை விடாமல் ஒரு கையால் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"நாங்க தொடல்ல சேர்" என்றார். "வாங்க. ஒங்கட பங்கில இன்னும் கனக்க மிச்சம் கிடக்கு."